ரெண்டு பக்கமும் சொன்னவர்

அவருடைய வலது கையில் முழங்கைக்குக் கீழே முடி கிடையாது. அடுப்புக் கதவைத் திறந்து திறந்து பார்த்துக் கருகிப்போனது என்பார். அந்தக் கையின் புறத்தால்தான் எதையும் தொட்டுப் பார்ப்பார். பாய்லர் தகடு, டீ கிளாஸ், களத்தில் காய்கிற நெல், ஒரு தடவை ஜுரத்தோடு வேலைக்கு வந்த என் நெற்றி, எல்லாவற்றையும் புறங்கையால்தான். உள்ளங்கை காய்த்துப் போயிருப்பதால் அதற்குச் சூடு சரியாகத் தெரியாது, புறங்கைதான் உண்மை சொல்லும் என்று ஒரு காரணம் வைத்திருந்தார். அதைச் சொன்ன வாயாலேயே, "ஆனா பொறங்கை ஒண்ணுமில்லாததுக்கும் பயந்துடும். அத்தயும் சொல்லணும் இல்ல" என்பார்.

எதைச் சொன்னாலும் அதற்கு எதிரானதையும் சொல்லிவிட்டுத்தான் வாயை மூடுவார். அதுதான் அவர்.

புதுவாயல் தாண்டி, கல்கத்தா ரோட்டின் மேலேயே அந்த அரிசி ஆலை இருந்தது. நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, நீராவியில் அவித்து, சிமென்ட் களத்தில் காயவைத்து அரைக்கிற ஆலை. களத்தில் நெல்லைக் காலால் துழாவித் திருப்புகிற பெண்களில் நானும் ஒருத்தி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிறகு எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் பாய்லருக்கு உமி தள்ளினார். அடுப்பு வாய்க்கு நேர் எதிரே நிற்கிற வேலை. பாய்லரின் பக்கவாட்டில், தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாய்க்கும் அழுத்தம் காட்டுகிற மீட்டருக்கும் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதை ஓட்டியவர் அவர். ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வந்து கவரைப்பேட்டையில் இறங்கி நடந்தே வருவார். முதல் நாளே என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டார். அதனால் என் வீட்டுக்காரர் அவருக்கு மாப்பிள்ளை.

கல்யாணம் ஆகாதவர். பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் அந்தப் பெண்ணுக்கு வருகிற நன்மை, வருகிற கெடுதல் இரண்டையும் பெண்ணின் அப்பாவிடமே எடுத்துச் சொல்லியிருக்கிறார் என்று ஆலையில் பேசிக்கொள்வார்கள். உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

சந்திரனில் மனிதன் இறங்கிய வருஷம் நான் அந்த ஆலைக்குப் புதிது. புதுவாயல் டீக்கடையில் பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டு வந்து, பத்து மணி நாஷ்டா நேரத்தில் களத்து ஓரம் நின்று எங்களுக்குச் சொல்லுவார். பாய்லர் இரைச்சலிலேயே இருந்து பழகியவர், பக்கத்தில் இருப்பவளிடம் பேசினாலும் ரோட்டுக்குக் கேட்கும்.

"சந்திரனுக்குப் போனானே, பெருசா இன்னா எடுத்துக்கினு போனான்? எரிக்கிறதத்தான் எடுத்துக்கினு போனான். ஆளு மூணு பேரு. மிச்சம் பூரா எரிக்கிற சாமான். நாலு படி நெல்லு அவிக்க நாற்பது மூட்ட உமிய தூக்கிக்கினு போற கதை. இதுல செவ்வாய்க்கு எப்டி போவான்? அதுக்குத்தான் அணு. கையளவு போதும். பொகை இல்ல, சாம்பல் இல்ல, வருஷக்கணக்கா சூடு வந்துக்கினே இருக்கும். சூரியன் எட்டாத தூரத்துக்குப் போனாலும் அது பாட்டுக்கு எரியும்."

"அணுன்னா குண்டு ஆச்சேண்ணா?" என்றாள் ஒருத்தி.

"குண்டும் அதான், அடுப்பும் அதான். உமி கூடத்தான் ஊட்டக் கொளுத்தும். சோறும் பொங்கும்."

"மேல போறது இருக்கட்டும். மொதல்ல ஊத்துக்கோட்டைக்கு நேரத்துக்கு ஒரு பஸ்ஸு உடச் சொல்லுண்ணா."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "அதுவும் நியாயம்தான். அத்த எதிர்ப்பக்கத்துல சேத்துக்குவோம்" என்று தலையாட்டினார்.

காலையில் ராக்கெட் கட்சி என்றால் சாயங்காலம் எதிர்க்கட்சி. நெல்லைக் குவித்துப் படுதா போட்டு மூடுகிற நேரத்துக்கு வந்து நிற்பார்.

"காலைல சொன்னது ஒரு பக்கம். இப்ப இந்தப் பக்கம் கேளு. நம்ம பாய்லரு கெட்டா நெருப்ப வெளிய இழுத்துப் போட்டு அணைச்சிடலாம். அந்த அணு அடுப்பு மேல போயி கெட்டா யாரு அணைக்கிறது? வர்ற வேகத்துல மேகத்துக்கு மேலயே பொடியாயிடும். பொடி எங்க வுழும்? காத்து எங்க தள்ளுதோ அங்க. கண்ணுக்குத் தெரியாது. வாசனை இல்ல. களத்து மேல வுழுந்தா நெல்லோட போகும். நெல்லு யாரு வயித்துக்குப் போகும்னு உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?"

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் அதிகம். இடி இடித்தால் நெல்லை விட்டுவிட்டு ஓடுகிறவள். அவர் அப்படிப் பேசிய மறுநாள் உச்சிவெயிலில் கருப்பாக, மெல்லிசாக என் கைமேல் ஏதோ வந்து உட்கார்ந்தது. இன்னொன்று தோளில். நான் கத்திக்கொண்டு தொட்டித் தண்ணீரில் கையை முக்கினேன். களமே சிரித்தது. தினமும் எங்கள் தலையில் விழுகிற உமிச் சாம்பல்தான். எங்கள் புகைபோக்கியிலிருந்து வந்ததுதான். அவர் ஓடிவந்து பார்த்துவிட்டு, "இது நம்ம சாம்பலும்மா. சோத்துல வுழுந்தா எடுத்துப் போட்டுட்டு துண்ணலாம்" என்றார். திரும்பிப் போனவர் நின்று, "ஆனா நீ பயந்தது தப்பில்ல" என்று இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட்டுப் போனார்.

வடக்கே ஏரிக்கு அந்தப் பக்கத் தீவில் ராக்கெட் விட ஆரம்பித்தார்கள். தெற்கே கல்பாக்கத்தில் அணு உலை கட்டுகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் ஆலை இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். "ஒரு நாள் ரெண்டையும் ஒண்ணா கட்டிப் பாப்பான். கையில ரெண்டு சாமான் இருந்தா மனுஷன் சேத்துப் பாக்காம இருக்க மாட்டான்." அது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். "இரு, யோசிக்கணும்" என்றார். ஆறு வருஷம் யோசித்தார்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு பதில்.

பாய்லரின் தலையில் ஒரு வால்வு உண்டு. உள்ளே அழுத்தம் மீறினால் அதுவே தூக்கிக்கொண்டு ஆவியை வெளியே விட்டுவிடும். அதன் நீட்டுக் கம்பியில் ஒரு எடை தொங்கும். ஒரு மழை வருஷம் ஊறின நெல் தொட்டியிலேயே முளைவிட ஆரம்பித்தபோது, சீக்கிரம் அவிக்க வேண்டும் என்று அந்தக் கம்பியில் இன்னொரு எடையையும் தொங்கவிட்டார்கள். நெல் நிறுக்கிற தராசின் ஐந்து கிலோ படிக்கல். வால்வு சீறாமல் அடங்கிற்று. ஒரு நாளைக்கு ஓர் அவியல் கூடுதலாக வந்தது. மழை விட்டதும் எடுத்துவிடுவதாகத்தான் பேச்சு. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. தராசு, மண்வெட்டி, நெல் தள்ளும் பலகை, பாய்லர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது, தொங்கிக்கொண்டிருந்த படிக்கல்லுக்கும் யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் வைத்தார்கள். நானே வைத்திருக்கிறேன். பொட்டு வைத்ததை எடுத்துக் கீழே போட யாருக்குக் கை வரும்? பாய்லர் இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மட்டும், கும்பிட்டுவிட்டு எடுத்து வைப்பார்கள். போனதும் மறுபடி மாட்டிவிடுவார்கள்.

அவர் முதலாளியிடம் போய்ச் சொன்னார். நான் தொட்டி ஓரம் நின்று கேட்டேன். "தொங்கவுட்டா தகடு தாங்குமான்னு தெரியாதுங்க. பழைய பாய்லரு. எடுத்துட்டா ஒரு அவியல் கொறையும். தாங்கினாலும் தாங்கும், இது கெட்டியா செஞ்ச காலத்து சாமான். ரெண்டையும் சொல்லிட்டேங்க." முதலாளி, "கெட்டியான சாமான்தான்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் சொன்னால் கேட்கிறவர் தனக்கு வேண்டிய பக்கத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அன்றைக்கு எனக்கு இப்படிச் சொல்லத் தெரியவில்லை.

அடுப்பு வாய்க்கு மேலே, தகடுகளைச் சேர்க்கிற ஆணி வரிசை ஓரமாகத் தகட்டில் ஈரம் கட்ட ஆரம்பித்தது. வேர்வை மாதிரி. என் வீட்டுக்காரர் வீட்டில் சொன்னார். நான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பேன். மறுநாள் பாய்லர்காரரைப் பிடித்துக் கேட்பேன்.

"அண்ணா, பயமில்லையே?"

"பயப்பட காரணம் கீது. பயப்படாம இருக்கவும் காரணம் கீது. அந்த ஈரம் மூணு மாசமா அதே அளவுதான் கீது, பெருசாவல. ஆனா மூணு மாசமா காயவும் இல்ல."

"ஒரே பேஜாரா கீதுண்ணா உன்னோட. இன்னாதான் சொல்ற?"

"அதான் சொல்லிட்டனே."

பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து கன்னியம்மா என்கிறவள் புருஷனோடு ஆலைக்கு வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். ஏரியில் மீன் குறைந்துபோய் வந்தவர்கள். புருஷன் முனுசாமி மூட்டை தூக்கினான். அவள் என் பக்கத்தில் நெல் துழாவினாள். வாய் ஓயாது. ஏரி மேல் ராக்கெட் போனதைக் கண்ணால் பார்த்தவள் என்று பாய்லர்காரருக்கு அவள்மேல் தனி மரியாதை. "வாலு எந்தப் பக்கம் சாஞ்சுதும்மா? சத்தம் மொதல்ல வந்துதா, வெளிச்சம் மொதல்ல வந்துதா?" என்று துருவுவார். அவளும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி சொல்லுவாள்.

எழுபத்தெட்டாம் வருஷம், பொங்கல் கழிந்து சில நாளில், அணு அடுப்பு வைத்த செயற்கைக்கோள் ஒன்று கட்டுப்பாடு தப்பி, எங்கோ வடக்கே பனி மூடின தேசத்தில் உதிர்ந்து விழுந்ததாகப் பேப்பரில் வந்தது. துண்டு துண்டாகத் தேடிப் பொறுக்குகிறார்கள் என்று போட்டிருந்தது. அன்றைக்குப் பத்து மணிக்கு அவர் வந்து நின்றார். நாங்கள் காத்திருந்தோம். அவர் எந்தக் கட்சியும் எடுக்கவில்லை.

"ஆளில்லாத எடத்துல வுழுந்துச்சாம்" என்றார்.

"அப்ப நல்லதாப் போச்சுண்ணா" என்றாள் கன்னியம்மா.

"மேல ஏத்தும்போது இங்கதான் வுழணும்னு சொல்லியா ஏத்தினான்? எங்கயோ வுழுந்துச்சு. வுழுந்தப்புறம் பாத்தான். ஆளில்ல. அப்புறம்தான் அது ஆளில்லாத எடம்."

"நம்ம ஏரில வுழுந்திருந்தா?"

"பேப்பர்காரனுக்கு உன் ஏரியும் ஆளில்லாத எடந்தாம்மா."

அவள் சிரித்தாள். அவர் கிளாஸில் பாதி டீயை அப்படியே கொட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் இன்னொரு பக்கம் சொல்ல வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அணு, ராக்கெட், செவ்வாய் எதையும் அதற்கப்புறம் அவர் பேசி நான் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, அடுப்பு வாய்க்கு நேரே நிற்கிற தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக என் வீட்டுக்காரர் வீட்டில் சொன்னார். "இன்னா மச்சான், என்னை எடை போடறியா?" என்று கேட்டாராம். அவர் மீட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

நான்தான் ஒரு மத்தியானம் குழாயடியில் அவரை மறித்தேன்.

"அண்ணா, எனக்கு ரெண்டு கொயந்தைங்க. ரெண்டு பக்கமும் வாணாம். ஒரே பக்கம் சொல்லு. அந்த மனுஷன் அங்க நிக்கலாமா, வாணாமா?"

கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் அவர் கால்மேல் ஓடியது.

"வாணாம்" என்றார்.

அவர் ஒரே சொல்லில் பதில் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அவரும் தன் சொல்லைக் கேட்டே பயந்துவிட்டார் போலிருக்கிறது. சுற்றும் முற்றும் பார்த்து, முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "இந்த மாசத்தோட நிறுத்திடச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத. யாருகிட்டயும் மூச்சு உடாத தங்கச்சி. விஷயம் வெளிய போனா ஆலைய மூடிடுவான். அறுபது ஊட்டு அடுப்பு."

உமித் தூசியில் இளைப்பு வந்துவிட்டது என்று சொல்லி என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் வேலை கிடைத்தது. நான் அன்றைக்குத் தூங்கினேன். நெடுநாள் கழித்து நன்றாகத் தூங்கினேன். அடுப்புக்கு எதிரே அந்த இடம் காலியாக இருக்கும் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. ஒரே ஒரு நாள்தான் காலியாக இருந்தது. மறுநாள் முனுசாமி நின்றான்.

மூட்டை தூக்குவதைவிட இது மேல் என்று கன்னியம்மாவுக்குச் சந்தோஷம். "உன் ஊட்டுக்காரருக்கு இளைப்பு வந்தாலும் வந்துச்சு, என் ஊட்டுக்காரருக்கு இடுப்பு நிமிந்துச்சு" என்று களமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எனக்கு வாய் வரை வந்தது. சொன்னால் அவள் அடக்க மாட்டாள், முதலாளி அறை வாசலிலேயே நின்று கத்துவாள். பாய்லர்காரர் வேலை போகும். ஆலை மூடும். அறுபது பேர் என் முகத்தில் துப்புவார்கள். சொல்லாவிட்டால்? தாங்கினாலும் தாங்கும். கெட்டியாகச் செய்த காலத்துச் சாமான். நானும் அவரைப் போலவே இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். நிறுத்துக்கொண்டே மூன்று மாதம் ஓட்டினேன்.

வைகாசியில், காலை இரண்டாவது அவியலின்போது நடந்தது. வெடி மாதிரி இல்லை. பெரிய ஜமுக்காளத்தை யாரோ ஒரே இழுப்பில் கிழித்த மாதிரி இருந்தது. அப்புறம் வெள்ளையாக ஆவி. களம் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கன்னியம்மா தெரியவில்லை, அவள் குரல் மட்டும் பாய்லர் பக்கமாக ஓடுவது கேட்டது. தகடு கிழிந்தது அடுப்பு வாய்க்கு நேர் மேலே. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த அவருக்கு இரண்டு கையும் வெந்தது, உயிர் தப்பியது. முனுசாமி மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். படிக்கல் களத்து நடுவில் நெல்லுக்குள் புதைந்து கிடந்தது. குங்குமம் கலையாமல் இருந்தது.

ஆலையை மூடினார்கள். அவரை விசாரித்தார்கள். அழுத்தத்தைப் பற்றி முதலாளிக்குச் சொன்னீரா என்று கேட்டதற்கு, "சொன்னேன். சொல்லாத மாதிரியும் சொன்னேன்" என்றாராம். கிறுக்கன் என்று எழுதாத குறையாக எழுதிக்கொண்டு போனதாகக் கேள்வி.

ஆவணியில் கன்னியம்மாவுக்குப் பொன்னேரி தாலுகா ஆபீஸில் ஒரு காகிதத்தில் கைநாட்டு வைக்க வேண்டியிருந்தது. அவளுக்கு ஆபீஸெல்லாம் புதிது, நான் கூடப் போனேன். கவரைப்பேட்டை ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் பிளாட்பாரத்தின் கோடியிலிருந்து நடந்து வந்தார். இரண்டு கையிலும் தோல் உரிந்து வெள்ளைவெள்ளையாக இருந்தது. பாதி ஆளாகியிருந்தார். எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். நேராக வந்து கன்னியம்மாவுக்கு எதிரே நின்றார்.

"அந்த எடைய நான் எடுத்திருக்கணும்மா."

கன்னியம்மா எழுந்து நின்றாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கையும்தான வெந்து போச்சு. நீ இன்னாண்ணா பண்ணுவ? இப்டி ஆவும்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா, அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்த சொல்லாத இருந்திருப்பியா?"

எந்தக் கேள்விக்கும் இரண்டு பதில் வைத்திருக்கிறவர் அவர். வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவளை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்பது போல இருந்தது. நான் தலையைக் குனிந்து தண்டவாளத்துக் கற்களை எண்ணுகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"வண்டி வருது. ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க" என்றார் கடைசியில்.

நாங்கள் தள்ளி நின்றோம். வண்டிக்கான கைகாட்டி இன்னும் இறங்கவே இல்லை.